மூன்று நிமிஷ வெயில்

கப்ரியேலை வெட்ட வந்தவர்கள் செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார்கள். ஃபிலிமுக்குத் தூசி ஆகாது, செருப்பு போடாதீர்கள் என்று காப்பகத்து வாசலில் எழுதிப் போட்டிருந்ததை அப்படி மதித்திருக்கிறார்கள். பின்னால் பல நாள் காப்பகத்தை நடத்திய கோமதிநாயகத்துக்குக் கனவில் வந்தது அருவாள் அல்ல, வாசலில் ஒழுங்காக ஜோடி சேர்த்து விடப்பட்டிருந்த அந்தச் செருப்புகள்தான்.

சாலிகிராமத்துச் சந்தில் மத்தியான வெயில் கொளுத்திக்கொண்டிருந்த நேரம். நாயகம் குளிர் அறைக்குள் டப்பாக்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். கதவில் சதுரமாக ஒரு கண்ணாடி உண்டு. அதன் வழியாகப் பார்த்தபோது மூன்று பேர் கப்ரியேலைச் சுற்றி நின்றார்கள். கப்ரியேல் முப்பது வருஷமாக அவரோடு இருக்கும் புரொஜெக்டர் மெக்கானிக். உலகத்தில் எவனையும் சத்தம் போட்டுப் பேசாத மனுஷன்.

"அன்னபாக்கியம் டப்பா எதுய்யா?" என்றான் ஒருவன்.

"அப்டி யாரும் இங்க இல்லியேப்பா."

முதல் வெட்டு தோளில் விழுந்தது. கப்ரியேல் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தபடியே ஒரு டப்பாவைக் காட்டி, "அதான். எடுத்துக்கினு போங்க" என்றார். ஒருவன் ஃபிலிமை உருவி ட்யூப்லைட்டுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தான். அதில் ஒரு பெண் சோப்புப் போட்டுக் குளித்துக்கொண்டிருந்தாள். பழைய விளம்பரப் படம். இரண்டாவது வெட்டு கழுத்தில். அதற்குப் பிறகு கப்ரியேல் பேசவில்லை.

நாயகம் கதவைக் குத்தினார், உதைத்தார், கத்தினார். தானாகப் பூட்டிக்கொள்ளும் தடித்த கதவு அது. வெளியிலிருந்துதான் திறக்க வேண்டும். பல மாதமாகப் பழுது பார்க்கச் சொல்லி கப்ரியேலிடம் அவரே நச்சரித்துக்கொண்டிருந்த கதவு. குளிர்சாதன இரைச்சலில் வந்தவர்களுக்கு அவர் உள்ளே இருப்பதே தெரியவில்லை. பெட்ரோலை ஊற்றிக் கொளுத்திவிட்டு, வந்த வழியே ஓடினார்கள். செருப்பை மறந்துவிட்டார்கள். தீயணைப்பு வண்டிக்காரர்கள் நாயகத்தை வெளியே இழுத்தபோது வெளி அறையில் அடுக்கியிருந்த நானூறு படங்களும் கப்ரியேலும் கரியாகியிருந்தன.

இத்தனையும் எதற்கு என்று கேட்டால், அது படத்தை யாரும் நம்பாத காலம். எவன் வேண்டுமானாலும் எவனையும் எங்கேயும் நிற்க வைத்து, பேச வைத்து, கொலை செய்யவும் வைத்து ஒரு காணொளியைக் கால் மணி நேரத்தில் தயாரிக்கலாம் என்று ஆன பிறகு கோர்ட்டுகள் கையை விரித்துவிட்டன. கேமராவில் விழுந்த எதுவும் இனிமேல் சாட்சி இல்லை. ஒன்றுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தார்கள்: பழைய ஃபிலிம். அதிலிருக்கும் வெள்ளித் துகள் வெளிச்சம் பட்டால்தான் கறுக்கும். அந்தத் துகளை ஒன்றொன்றாகப் பொய்யாக அடுக்க இன்னும் எவனாலும் முடியவில்லை.

சட்டம் வந்த அன்று நாயகமும் கப்ரியேலும் ஜிலேபி வாங்கித் தின்றார்கள். நாய்கூடச் சீந்தாத தகர டப்பாக்களுக்கு மதிப்பு வந்துவிட்டது என்று அவ்வளவு சந்தோஷம். மதிப்பு வந்தால் பின்னாலேயே அருவாளும் வரும் என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. ஒரு கல்யாண ஃபிலிமில் மாமனாருக்குப் பக்கத்தில் நின்றது யார் என்பதற்காக மதுரையில் ஒரு வீட்டையே கொளுத்தினார்கள். பழைய ஃபிலிமைத் தேடி எரிப்பது ஒரு தொழிலாகவே ஆகிப்போனது.

அன்னபாக்கியத்தின் படத்தை அவர்கள் தேடி வந்ததுதான் கொடுமையிலும் கொடுமை. அவர் உயிரோடிருந்தவரை அவர் படத்தை ஒருவரும் தேடி வந்ததில்லை. எடிட்டிங் அறையில் நெகட்டிவ் ஒட்டும் வேலை பார்த்தவர். கம்பெனிகள் மிச்சம் வைக்கும் துண்டு ஃபிலிமை வாங்கி, இரவல் கேமராவில் ஐந்து குட்டிப் படங்கள் எடுத்தார். கதை கிடையாது, வசனம் கிடையாது, பாட்டு கிடையாது. ஒரு படத்தில் முழுக்க மழைத் தண்ணீர் வடியும் சுவர். திரைப்படச் சங்கத்தார் கொட்டாவி விட்டபடி பார்த்தார்கள். அரசு ஆஸ்பத்திரியில் அவர் செத்த பிறகு நடந்த இரங்கல் கூட்டத்தில், வந்த ஆட்களைவிடத் தட்டில் இருந்த பஜ்ஜி அதிகம்.

நான்கு படங்கள் போயே போய்விட்டன. மிச்சம் இருந்தது ஒன்று. 'மூன்று நிமிஷ வெயில்' என்று பெயர். ஒரே சுருள். உப்பளம், கண்ணைக் கூசும் வெள்ளை, அதில் கறுப்பு நிழல்களாக ஆட்கள் வாருபலகையை வீசி உப்பை வாரிக்கொண்டிருப்பார்கள். ஒருவருக்கும் முகம் இருக்காது. ஃபிரேம் ஃபிரேமாக, ஒவ்வொரு தலையையும் ஊசியால் கீறி எடுத்திருந்தார் அன்னபாக்கியம். திரையில் ஓடும்போது தலை இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளைக் கீறல்கள் தீ மாதிரி படபடக்கும். அந்தப் படபடப்பில் மனசைப் பறிகொடுத்தவர் நாயகம். அதைப் பற்றி நாற்பது பக்கம் கட்டுரைகூட எழுதியிருக்கிறார். முகத்தின் சர்வாதிகாரத்துக்கு எதிரான கலகம் என்று அதில் ஒரு வரி வரும். அதைப் படித்தவர் கப்ரியேல் ஒருவர்தான். அவரும் பாதியில் தூங்கிவிட்டார்.

அந்தச் சுருள் எரியவில்லை. காப்பகத்துக் குளிர்சாதனத்தை நம்ப முடியாமல், நாயகம் அதை வீட்டு ஃப்ரிட்ஜில் தோசை மாவுச் சட்டிக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்.

கப்ரியேலை அடக்கம் செய்துவிட்டு வந்து படுத்துக் கிடந்தவரைத் தேடி ஒரு பெண் வந்தாள். ஐம்பது தாண்டிய வயது, வெயிலில் கறுத்த முகம், கூடவே மீன் வாடை. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து மீன் லாரி ஓட்டுகிறவள், பெயர் பிலோமி என்றாள். உட்காரச் சொல்லும்வரை உட்காரவில்லை.

"வெண்பரப்பு உப்பளம் தெரியுமா சார்?"

"படத்துல பாத்திருக்கேன்."

"எங்கூரு. கூலி கேட்டு ஸ்ட்ரைக் நடந்துச்சு. ஒரு நாள் காலைல பாத்திக்குள்ள ஆள எறக்கி அடிச்சாவ. ஏழு பேரு செத்தாவ. தொழிலாளிங்களே தங்களுக்குள்ள அடிச்சுக்கிட்டாவன்னு கேச மாத்திட்டாவ. எங்கப்பா பேரு அந்தோணிப்பிச்சை. ஏழு பேரையும் கொன்னது அவருன்னு தீர்ப்பு. ஜெயில்லயே செத்துப் போனாரு. அப்ப எனக்கு ரெண்டு வயசு. பள்ளிக்கூடத்துல எனக்குப் பிலோமின்னு யாரும் பேரு சொன்னதில்ல சார். ஏழுகொலன்னுதான் கூப்பிடுவானுவ."

நாயகத்துக்கு அவள் எதற்கு வந்திருக்கிறாள் என்று புரிந்துவிட்டது.

"ஆள எறக்குனது வயிரவநாதன்" என்றாள். "அன்னைக்கு உப்பளத்து மேஸ்திரி. இன்னைக்கு மூணு தடவ மந்திரியா இருந்தவரு. அந்தம்மா அன்னைக்குப் பம்புசெட்டு மாடில கேமராவோட இருந்தாவ. எங்கூருல எல்லாருக்கும் தெரியும். அப்புறம் பயந்துபோய் மொகத்தயெல்லாம் கீறிட்டாவ, பாவம். இப்ப அதுக்குத்தான் மிஷின் வந்திருக்கே. கோர்ட்டுல மனு போட்டிருக்கேன்."

மிஷினை ஜனங்கள் உரிப்பான் என்றார்கள். கீறி எடுத்த இடத்திலும் வெளிச்சம் பட்ட வடு ஃபிலிமின் அடியில் கொஞ்சம் தங்கியிருக்கும். அதை ஏடு ஏடாக உரித்துப் படித்து, போன முகத்தைத் திரும்பக் கொண்டுவந்துவிடும்.

"உரிச்சதுக்கு அப்புறம் ஃபிலிம் என்ன ஆகும்னு தெரியுமாம்மா?" என்றார் நாயகம்.

"பொடியாப் போயிரும். கேட்டுட்டுத்தான் வந்தேன். காப்பி எடுத்து வச்சுக்கிடுங்களேன்."

"கம்ப்யூட்டர்ல காப்பி இருக்கு. அத யாரு நம்புவா? இப்பவே ஒருத்தன் எழுதியிருக்கான், அன்னபாக்கியம்னு ஒரு ஆளே கிடையாது, நாயகம் கட்டிவிட்ட கதைன்னு. இந்தச் சுருள் ஒண்ணுதான் அந்தம்மா இருந்தாங்கன்றதுக்கு அத்தாட்சி. அவங்க கை பட்டது உலகத்துலயே இது ஒண்ணுதான். நீங்க கேக்கறது அவங்கள ரெண்டாவது தடவ சாகடிக்கறது."

பிலோமிக்குக் கோபம் வந்திருந்தால் நாயகத்துக்குச் சமாளிக்கச் சுலபமாக இருந்திருக்கும்.

"நீங்க குடுக்கலன்னா அவம் வந்து எரிப்பான்" என்றாள் மெதுவாக. "குடுத்தா மிஷின் எரிக்கும். எப்படியும் எரியத்தான் போவுது. எங்கப்பனுக்காவ எரியட்டுமே."

அவளே தொடர்ந்தாள்.

"மிஷினுக்குள்ள விடுறதுக்கு முன்னால கோர்ட்டுல ஒரு தடவ எல்லாரையும் வச்சிப் போட்டுக் காட்டணுமாம். கடைசிக் காட்சின்னு சொல்லுதாவ. எதிராளியும் வந்து ஒக்காரணுமாம். சட்டமே அப்படித்தான். அத நீங்க வந்து ஓட்டுங்க. வேற கை தொட வேண்டாம்."

இதற்குத்தான் நாயகம் மசிந்தார் என்று சொன்னால் அவருக்கு வருத்தமாக இருக்கும்; ஆனாலும் உண்மை அதுதான். அந்தப் படத்தை ஒரு நிறைந்த கூடம் பார்த்ததே இல்லை. எழுந்து போய் ஃப்ரிட்ஜைத் திறந்தார்.

சுருளை மீன் லாரியில் ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே வைத்துக்கொண்டு புறப்பட்டார்கள். எட்டயபுரம் தாண்டி, வெயில் ஏறியிருந்த நேரத்தில், ஒரு வெள்ளைக் கார் குறுக்கே வந்து நின்றது. பிலோமி பிரேக்கை மிதித்ததில் நாயகத்தின் நெற்றி கண்ணாடியில் மோதி ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. காரிலிருந்து இரண்டு பேர் குதித்தார்கள். அவர் பக்கத்துக் கதவைத் திறந்து, காலைப் பிடித்து இழுத்துத் தாரில் போட்டார்கள்.

"எங்கடா டப்பா?"

சொல்லக்கூடாது என்றெல்லாம் அவர் தீர்மானித்திருக்கவில்லை. பயத்தில் வாய் திறக்கவில்லை, அவ்வளவுதான். ஒருவன் அவர் இடது கையைத் தரையில் வைத்து முழங்காலால் அழுத்தினான். இன்னொருவன் அருவாளைக் காய்கறி நறுக்குகிற மாதிரி இறக்கினான். சுண்டுவிரலும் அதற்கடுத்த விரலும் போய்விட்டன. வலி உடனே வரவில்லை. தாரில் கிடந்த விரல்களைப் பார்த்து, இனிமேல் ஃபிலிமை எப்படி ஒட்டுவது என்று யோசித்தது அவருக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

"பின்னால ஐஸ் பெட்டில இருக்கும்ல, போய்ப் பாரு" என்றான் முழங்காலை அழுத்தியவன். விரலை வெட்டியவன் எழுந்து லாரியின் பின்பக்கம் போய்க் கதவுக் கொண்டியில் கை வைத்தான்.

லாரி பின்னால் வந்தது. நிதானமாக, சந்தைக்குள் இடம் பார்த்து ஒதுக்குவது போல வந்தது. அவன் கத்துவதற்குள் கீழே போய்விட்டான். சக்கரம் ஒரு தடவை ஏறியது, நின்றது, முன்னால் நகர்ந்து இன்னொரு தடவை ஏறியது. அந்தச் சத்தத்தை நாயகம் பிறகு யாருக்கும் சொன்னதில்லை. மற்றவன் அவர் கையை விட்டுவிட்டுக் காருக்கு ஓடினான்.

பிலோமி இறங்கி வந்தாள். தலையிலிருந்த துண்டை அவர் கையில் சுற்றிக் கட்டி, ஐஸ் அள்ளி வைத்தாள். அவரைத் தூக்கி உள்ளே உட்கார வைத்து, லாரியை எடுத்தாள். ரொம்ப தூரம் போன பிறகு ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"மொதத் தடவ ஏறுனது உங்களக் காப்பாத்த. ரெண்டாவது தடவ ஏன் ஏத்துனேன்னு தெரியல அண்ணே."

"விடும்மா."

"எங்கப்பா செய்யாத கொலைய நான் செஞ்சிட்டேன்."

அவளைப் பார்க்கவே அவருக்குப் பயமாக இருந்தது. அந்தப் பயத்துக்காக வெட்கமாகவும் இருந்தது.

தூத்துக்குடி கோர்ட்டு வாசலில் போலீஸ் காத்திருந்தது. நீதிபதியம்மாள் விஷயத்தைக் கேட்டுவிட்டு, காட்சி முடிந்ததும் கைது செய்யலாம், அதுவரை மனுதாரர் உள்ளே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார். இரண்டு பெண் போலீஸ்காரர்கள் பிலோமிக்கு இருபுறமும் உட்கார்ந்தார்கள்.

வெண்பரப்பிலிருந்து ஒரு பஸ் நிறைய ஜனம் வந்திருந்தது. பாதிப் பேர் கிழடுகள். வயிரவநாதன் கடைசியாக வந்தார். வாசலில் காரை விட்டு இறங்கியதுமே அவருடைய கட்சிக்காரர்கள் விசில் அடித்தார்கள். அவர் நடைக்காகவே அடிக்கிற விசில் அது. வேட்டி நுனியை இடது கையால் சுண்டித் தூக்கி, வலது காலை அரைவட்டமாக வெளியே வீசி வைத்து, தோளை ஒரு குலுக்குக் குலுக்குவார். அந்த நடையைச் செய்து காட்டாத மிமிக்ரி கலைஞன் தமிழ்நாட்டில் கிடையாது. பள்ளி ஆண்டு விழாவில் ஒன்றாம் வகுப்புப் பையன்கூட நடந்து காட்டிக் கைதட்டு வாங்குவான். எழுபத்தாறு வயதிலும் கோர்ட்டுப் படிகளை அப்படியே ஏறி வந்து, முன்வரிசையில் உட்கார்ந்து, நீதிபதிக்குக் கும்பிடு போட்டார். முகத்தில் கவலையே இல்லை. சுருள் மிஷின்வரைக்கும் போய்ச் சேராது என்று யாரோ அவருக்கு உறுதி கொடுத்திருக்க வேண்டும்.

நாயகம் இடது கையில் மிச்சமிருந்த மூன்று விரல்களை வைத்துக்கொண்டு ஃபிலிமைப் புரொஜெக்டரில் கோத்தார். கட்டு நனைந்து ரத்தம் சொட்டியது. ஃபிலிமில் பட்டுவிடாமல் கையைத் தள்ளித் தள்ளிப் பிடித்துக்கொண்டார். ஜன்னல்களைச் சாத்தினார்கள். ஸ்விட்சைத் தட்டினார்.

வெள்ளை. கண் கூசும் வெள்ளை. அதில் கறுத்த ஆட்கள், தலைக்குப் பதில் தீ. வழக்கம்போல நாயகத்தின் கண் அந்தத் தீயிலேயே போய் நின்றது. கடைசித் தடவை என்று இமை கொட்டாமல் பார்த்தார். கூடத்தில் எவனோ கொட்டாவி விடுவது கேட்டது.

"ஏ, அது எங்க மிக்கேலு."

சொன்னது பின்வரிசையில் ஒரு கிழவி. சவுரியம்மாள் என்று பெயர். தம்பிமார் இரண்டு பேரையும் அன்றைக்கு இழந்தவள். "குதிகால் ஊனாம நடக்கான் பாரு. முள்ளு குத்தி சீழ் வச்சிருந்துச்சு. அதுக்கு வலப்பக்கம் லூர்துசாமி. பலகைய அவந்தான் அக்குளுல இடுக்கிக்கிட்டு நிப்பான்."

"சத்தம் போடாதீங்க" என்றான் கோர்ட்டு டவாலி.

"எங்க சித்தப்பா" என்றது இன்னொரு குரல். "அந்தா, மம்பட்டியான்" என்றது வேறொன்று. கூடம் முழுவதும் பெயர்கள் எழும்பின. ஐம்பது வருஷமாகப் புகைப்படம்கூட இல்லாமல் செத்துக் கிடந்தவர்கள் ஒவ்வொருவராக நடந்து வந்தார்கள். முகம் இல்லாததனால் யாரும் முகத்தைப் பார்க்கவில்லை. காலைப் பார்த்தார்கள், முதுகைப் பார்த்தார்கள், இடுப்பில் கை வைத்து நிற்கிற தினுசைப் பார்த்தார்கள். நாயகமும் முதல் தடவையாகத் தீயிலிருந்து கண்ணைக் கீழே இறக்கினார்.

அவர்கள் உப்பு வாரிக்கொண்டிருக்கவில்லை.

பலகைகள் ஏறி ஏறி இறங்கின. இறங்குகிற இடத்தில் உப்பு இல்லை, ஆள் கிடந்தான். ஒருவன் முட்டி போட்டுக் கும்பிட்டான். அவன் மேல் பலகை பக்கவாட்டில் விழுந்தது. அவன் பாத்தித் தண்ணீருக்குள் குப்புற விழுந்தான். முதுகில் ஏறி ஒருவன் நின்றுகொண்டான். அவன் நின்றுகொண்டே இருந்தான். கீழே இருந்தவனுடைய கை தண்ணீரைத் தட்டியது, பிறகு தட்டவில்லை. இத்தனை வருஷமும் இதைத்தான் நாயகம் தாளம் என்று எழுதியிருந்தார்.

அப்போதுதான் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக விளங்கியது. படம் எடுத்த புதிதில் அன்னபாக்கியத்தின் வீட்டுக்குச் சில ரௌடிகள் வந்தார்கள், அவர் அவர்களுக்கே படத்தைப் போட்டுக் காட்டினார், கிறுக்கச்சி என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார்கள் என்று திரைப்படச் சங்கத்தில் ஒரு வேடிக்கைக் கதை உலாவியது உண்டு. முகம் இருந்திருந்தால் அன்றைக்கே அடுப்பில் போட்டிருப்பார்கள். அவர் பயந்து அழிக்கவில்லை. காப்பாற்றுவதற்குக் கீறியிருக்கிறார். புரொஜெக்டரை ஒரே ஒரு தடவை வெண்பரப்புக்குக் கொண்டுபோய்ப் போடலாமா என்று சங்கத்துக்காரர்களிடம் சாகும்வரை கேட்டுக்கொண்டே இருந்தாராம். உப்பளத்து ஜனங்களுக்கு இந்தப் படமெல்லாம் புரியுமா என்று சொல்லி விட்டுவிட்டார்களாம். பார்க்க வேண்டியவர்கள் யார் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அவரைப் பாராட்டி எழுதிய ஒரே மனிதருக்குத்தான் தெரியவில்லை.

"பிலோமி" என்றாள் சவுரியம்மாள். குரல் உடைந்திருந்தது. "வரப்பு மேல ஓடுதாரே, முதுகுல ஆளத் தூக்கிக்கிட்டு. அது உங்கப்பா. தூக்கிட்டுப் போறது என் சின்னத் தம்பிய."

பிலோமி எழுந்து நின்றாள். போலீஸ்காரர்கள் தடுக்கவில்லை. மெலிந்த ஒரு மனிதன், தலை இருக்க வேண்டிய இடத்தில் தீயோடு, தன்னைவிடப் பெரிய ஆளைச் சுமந்துகொண்டு, வழுக்கும் வரப்பில் விழுந்து எழுந்து ஓடிக்கொண்டிருந்தான். அவள் அப்பன் அசைவதை முதல் தடவையாகப் பார்த்தது அப்போதுதான். ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவனுக்குப் பின்னால் ஒருவன் வந்தான். ஓடவில்லை. நிதானமாக வந்தான். வேட்டி நுனியை இடது கையால் சுண்டித் தூக்கினான். வலது காலை அரைவட்டமாக வீசி வைத்தான். தோளை ஒரு குலுக்குக் குலுக்கினான்.

யாரோ சிரித்துவிட்டார்கள். டவாலிதான். அந்த நடையைப் பார்த்தால் சிரித்துப் பழகிய வாய், தானாகச் சிரித்துவிட்டது. கூடவே இன்னும் இரண்டு மூன்று பேர். அப்புறம் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. திரையில் அந்த ஆள் இரண்டு கையாலும் பலகையை ஓங்கி, முதுகில் கிடந்தவனின் தலையில் இறக்கினான். பிறகு சுமந்து வந்தவனின் முழங்காலில். பிறகு மறுபடி தலையில். அவசரமே இல்லை. முடித்துவிட்டுப் பலகையை உப்பில் துடைத்து, கீழே கிடந்த அந்தோணிப்பிச்சையின் கையில் சொருகினான். வேட்டியைச் சுண்டிக்கொண்டு திரையைவிட்டு வெளியே நடந்தான். சுருள் முடிந்து ஃபிலிமின் வால் டப் டப்பென்று அடித்துக்கொண்டிருந்தது. நாயகத்துக்கு அதை நிறுத்தத் தோன்றவில்லை.

ஜன்னல்களைத் திறந்தார்கள். வயிரவநாதனின் வக்கீல்தான் முதலில் எழுந்தார்.

"கனம் கோர்ட்டார் அவர்களே, படத்தில் முகம் எதுவும் இல்லை. முகம் இல்லாமல் ஆளை அடையாளம் காட்டச் சட்டத்தில் இடம் இல்லை."

"சட்டம் அப்படித்தான் சொல்கிறது" என்றார் நீதிபதியம்மாள். அவர் குரல் கம்மியிருந்தது. "அதற்குத்தான் மிஷின் இருக்கிறது. ஃபிலிமை வைத்திருப்பவர், மனுதாரர், இரண்டு பேர் சம்மதமும் வேண்டும். மிஸ்டர் கோமதிநாயகம்?"

நாயகம் சுருளைக் கழற்றி மார்போடு அணைத்துக்கொண்டிருந்தார். அவர் வாழ்நாளில் நேசித்த ஒரே பொருள் அது. அதற்காகச் செத்த கப்ரியேலை நினைத்தார். வரப்பில் விழுந்து எழுந்த அந்த மெலிந்த மனிதனை நினைத்தார்.

"அனுப்பிடுங்கம்மா" என்றார். "பொடியானாலும் பரவாயில்ல. அந்தம்மா எடுத்ததே இதுக்குத்தான்."

சொன்னதும் அழுதுவிட்டார். கூடத்தில் இருந்தவர்களுக்கு அது கை வலி என்று தோன்றியிருக்கும்.

"மனுதாரர்?"

பிலோமி நாயகத்தின் கையிலிருந்த சுருளைப் பார்த்தாள். அதற்குள் அவள் அப்பன் இன்னும் ஓடிக்கொண்டிருந்தான்.

"மிஷின் வேண்டாம்மா" என்றாள். "இன்னைக்கு நான் ஒரு கொல செஞ்சிட்டு வந்திருக்கேன். அதுக்கு என்ன உண்டோ அத வாங்கிக்கிடுதேன். நான் கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான். அந்த ஐயாவ எந்திரிச்சு வாசல் வரைக்கும் ஒரு தடவ நடக்கச் சொல்லுங்க. போதும்."

வக்கீல் ஆட்சேபம் என்றார். அந்த வார்த்தை காற்றோடு போனது. வெண்பரப்பு ஜனங்கள், டவாலி, போலீஸ்காரர்கள், பின்னால் நின்ற கட்சிக்காரர்கள்கூட, எல்லோருடைய கண்ணும் வயிரவநாதனின் முகத்தை விட்டு இறங்கி அவருடைய காலில் போய் நின்றது.

அவர் கால்களை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

உணவு இடைவேளைக்கு மணி அடித்தது. நீதிபதி எழவில்லை, அதனால் யாரும் எழவில்லை. காலையில் விசில் சத்தத்துக்கு நடுவே படியேறி நடந்து வந்த வயிரவநாதன், பக்கத்தில் நின்ற ஆளைக் குனியச் சொல்லி, முழங்கால் ரொம்ப வலிக்கிறது, ஒரு சக்கர நாற்காலி கொண்டு வா என்றார்.